இடது காலுக்கு இன்னும் வேலை இருக்கா? சோழவரத்துல இருந்து நேப்பியர் பாலம் வரைக்கும் ஒரு கியர் கதை

இந்த எபிசோட் ஒரு கேள்வியில ஆரம்பிக்குது. கேட்டது நம்ம லிசனர் யாரும் இல்ல, எங்க அப்பா.

நாலு வருஷமா சேர்த்த காசுல ஒரு வண்டி வாங்கப் போறேன். போர்ஷே எல்லாம் இல்ல, பயப்படாதீங்க. ஹூண்டாய் ஐ20 என் லைன். ஒரு லிட்டர் டர்போ எஞ்சின், 120 குதிரைத்திறன். இதை ஸ்போர்ட்ஸ் கார்னு சொன்னா கார் பைத்தியங்க சிரிப்பாங்க. ஆனா சாந்தோம்ல வாடகை வீட்டுல இருக்கிற ஒரு சாஃப்ட்வேர் ஆள், ஸ்போர்ட்ஸ் காருக்கு எவ்வளவு பக்கத்துல போக முடியுமோ அவ்வளவு பக்கம் இது. ரெண்டு விதமா கிடைக்குது. ஒண்ணு ஆறு கியர் மேனுவல், இன்னொண்ணு ஏழு கியர் டிசிடி ஆட்டோமேட்டிக்.

மேனுவல்தான்னு ஆறு மாசம் முன்னாடியே முடிவு பண்ணிட்டேன். காரணம் ரொம்ப சிம்பிள். ஓட்டத் தெரிஞ்சவன் மேனுவல் ஓட்டுவான், தெரியாதவன் ஆட்டோமேட்டிக் ஓட்டுவான். நம்மள்ல பாதிப் பேர் அப்படித்தானே நம்பிட்டு இருக்கோம்?

அப்பாவுக்குப் போன வருஷம் இடது முழங்கால்ல ஆபரேஷன். எனக்கு கிளட்ச் விடக் கத்துக்கொடுத்தவரே அவர்தான். இப்போ கிளட்சை அமுக்கினா வலிக்குது, அதனால ஓட்டுறதையே விட்டுட்டார். நான் காட்டின ப்ரோஷரை ரெண்டு தடவை திருப்பிப் பார்த்துட்டு, "இதுல நான் எந்த சீட்டுடா?"ன்னு மட்டும் கேட்டார்.

என்கிட்ட பதில் இல்ல. அதான் தோண்ட ஆரம்பிச்சேன். "உண்மையான டிரைவர்னா மேனுவல்"ங்கிற நம்பிக்கை எங்க இருந்து வந்துச்சு? அது உண்மையா? இன்னிக்கு எபிசோட் அதைப் பத்திதான்.

ஒரு வேலை இல்ல, மூணு வேலை

முதல்ல ஒரு விஷயம். கியர் மாத்துறதுன்னு நாம சொல்றது ஒரே வேலை இல்ல. பெரிய ஃபங்ஷனை உடைச்சுப் பார்க்கிற மாதிரி இதையும் உடைச்சா உள்ள மூணு வேலை இருக்கு.

ஒண்ணு, எப்போ மாத்தணும்னு முடிவு எடுக்கிறது. ரெண்டு, கிளட்சை அமுக்கி எஞ்சினையும் சக்கரத்தையும் பிரிச்சு, திரும்பச் சேர்த்து வைக்கிறது. மூணு, பழைய கியரைக் கழட்டி புது கியரைப் போடுறது.

மேனுவல் வண்டியில மூணும் நம்ம தலையில. முழு ஆட்டோமேட்டிக்ல மூணையும் மெஷின் பார்த்துக்குது. 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்ல ஹைட்ரா-மேட்டிக்னு ஜெனரல் மோட்டார்ஸ் கொண்டு வந்ததே, அது அந்த வகை. கிளட்ச் பெடலே கிடையாது. அமெரிக்கா மெதுமெதுவா அந்தப் பக்கம் போயிடுச்சு. ஐரோப்பாவும் நாமளும் ரொம்ப நாள் மேனுவல்லயே இருந்தோம்.

ஆனா இந்த ரெண்டுக்கும் நடுவுல நிறைய இடம் இருக்கு. ரேஸ் உலகத்துல சண்டையே அந்த நடு இடத்துலதான் நடந்துச்சு. அதுல ஒரு பாதி கதை நம்ம ஊருக்குப் பக்கத்துலயே இருக்கு.

சோழவரம்: ஒரு கையால ஸ்டியரிங்

ரெட்ஹில்ஸ் தாண்டி, கொல்கத்தா நெடுஞ்சாலையில சோழவரம். இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளம் ஒண்ணு அங்க சும்மா கிடந்துச்சு. 1953ல ஆரம்பிச்ச மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், அந்த கான்கிரீட் மேலதான் பல வருஷம் ரேஸ் நடத்துச்சு. விமானம் இறங்கின இடத்துல கார் ஓட்டினாங்க. இந்தியாவோட மோட்டார் ரேஸிங்குக்கு சென்னை தலைநகரம் ஆனது அங்கதான்.

அந்தக் காலத்துல இங்க கிடைச்ச கார்களை விரல் விட்டு எண்ணிடலாம். அம்பாசடர், ஃபியட், அப்புறம் வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி 1961ல இருந்து செஞ்ச ஹெரால்ட். அம்பாசடர்லயும் ஃபியட்லயும் கியர் லீவர் தரையில இருக்காது, ஸ்டியரிங் தண்டுல ஒட்டிட்டு இருக்கும். ஹெரால்ட்ல தரையில இருக்கும். ஹெரால்டோட முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் கிடையாது. அதாவது சுத்திட்டு இருக்கிற ரெண்டு பல்சக்கரத்தோட வேகத்தை ஒண்ணாக்கி சத்தம் இல்லாம சேர்த்து வைக்கிற ஏற்பாடு அதுல இல்ல. ஓடிட்டு இருக்கும்போது முதல் கியர் போடணும்னா கிளட்சை ரெண்டு தடவை மிதிச்சு, நடுவுல ஆக்சிலரேட்டரைத் தட்டி, காதால கேட்டுப் போடணும். தப்பினா 'கர்ர்'னு ஒரு சத்தம் வரும், தெருவே திரும்பிப் பார்க்கும்.

இப்போ ரேஸ்ல ஒரு வளைவுக்கு வர்றீங்கன்னு வச்சுக்கோங்க. வலது கால் பிரேக்ல இருக்கு. அதே காலோட ஓரத்தால ஆக்சிலரேட்டரையும் தட்டணும். இதுக்குப் பேர்தான் ஹீல் அண்ட் டோ. இடது கால் கிளட்ச்ல. நம்ம ஊர் வண்டியில டிரைவர் வலது பக்கம் உக்கார்றதால இடது கை கியர்ல. மிச்சம் ஒரே ஒரு கை. வண்டி ரொம்ப நிலை தடுமாறுற அந்த நொடியில ஸ்டியரிங்கை அந்த ஒரு கைதான் பிடிச்சுட்டு இருக்கு.

இது திறமைதான், சந்தேகமே இல்ல. அதை நல்லா செஞ்சவங்களுக்கும் செய்யாதவங்களுக்கும் நடுவுல ஒவ்வொரு வளைவுலயும் இடைவெளி கூடிட்டே போகும். "ஓட்டத் தெரிஞ்சவன் மேனுவல் ஓட்டுவான்"ங்கிற நம்பிக்கைக்கு வேர் இங்கதான். அந்தக் காலத்துக்கு அது சரியான நம்பிக்கையும்கூட.

இந்தப் பள்ளிக்கூடத்துல வந்தவர்தான் கோயம்புத்தூர் எஸ். கரிவர்தன். ரேஸ் ஓட்டினார், அதோட ரேஸ் காரும் செஞ்சார். மாருதி 800 எஞ்சினை வச்சு அவர் உருவாக்கின சின்ன ஒற்றை இருக்கை கார்கள்தான் இந்தியாவுல சாதாரண ஆட்களுக்கும் ஃபார்முலா ரேஸிங்கோட கதவைத் திறந்து விட்டுச்சு. 1990ல ரேஸ் சோழவரத்தை விட்டு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டைக்குப் போச்சு. கிளப்பே கட்டின 3.7 கிலோமீட்டர் டிராக். ஃபார்முலா மாருதியில ஓட்ட ஆரம்பிச்ச நரேன் கார்த்திகேயன் 2005ல ஃபார்முலா ஒன்ல ஓட்டின முதல் இந்தியர் ஆனார். கரிவர்தன் அதைப் பார்க்க இல்ல. 1995ல மைக்ரோலைட் விமான விபத்துல இறந்துட்டார். கோயம்புத்தூர்ல இருக்கிற கரி மோட்டார் ஸ்பீட்வேக்கு அவர் பேர்தான்.

ஆனா நரேன் ஃபார்முலா ஒன்னுக்குப் போய்ச் சேர்ந்தப்போ, அந்தக் கார்ல கியர் லீவரே இல்ல. நடுவுல என்ன நடந்துச்சு?

1989: ரெண்டு கையும் ஸ்டியரிங்ல

1989 மார்ச் 26, ரியோ டி ஜெனிரோ. ஃபெராரி 640ங்கிற புது கார். வடிவமைச்சவர் ஜான் பர்னார்ட். அவர் தீர்க்க நினைச்ச பிரச்சினை சோம்பேறித்தனம் இல்ல. கியர் லீவரும் அதுல இருந்து பின்னாடி போற கம்பிகளும் இடத்தை அடைக்குது, அதை எடுத்துட்டா காரை இன்னும் ஒல்லியாக்கலாம். அதனால ஸ்டியரிங்குக்குப் பின்னாடி ரெண்டு சின்ன தகடு வச்சார். வலது பக்கம் இழுத்தா கியர் ஏறும், இடது பக்கம் இழுத்தா இறங்கும். முடிவு டிரைவரோடது, கிளட்சும் கியரும் ஹைட்ராலிக்ஸோட வேலை. கிளட்ச் பெடல் கிளம்புறதுக்கு மட்டும்தான்.

மூணு வேலைன்னு சொன்னேனே, அதுல ரெண்டை மெஷின்கிட்ட கொடுத்துட்டு ஒண்ணை மட்டும் மனுஷன் வச்சுக்கிட்டான்.

டெஸ்டிங்ல அந்த கார் தொடர்ந்து நின்னு போச்சு. ரேஸை முடிக்கும்னு டீம்லயே யாரும் பெருசா நம்பல. நைஜல் மேன்செல் அதை ஓட்டி ஜெயிச்சார். ஃபெராரிக்காக அவரோட முதல் ரேஸ் அது. அந்த வருஷம் பல ரேஸ்ல கார் பாதியில நின்னாலும், ஓடின நாள்ல அது வேகமா இருந்ததை எல்லாரும் பார்த்துட்டாங்க.

மேனுவல் உடனே செத்துப் போகல. 1991 பிரேசில் கிராண்ட் பிரீயில அயர்டன் சென்னாவோட மெக்லாரன் இன்னும் கையால கியர் போடுற கார். அவரைத் துரத்தின மேன்செல் அப்போ வில்லியம்ஸ்ல, செமி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸோட. மேன்செலுக்கு கியர்பாக்ஸ் கைவிட்டு வண்டி நின்னு போச்சு. சென்னாவுக்கும் ஒவ்வொரு கியரா போய், கடைசி சில சுற்றுகளை ஆறாவது கியர் ஒண்ணை மட்டும் வச்சு ஓட்டி ஜெயிச்சார். மூணு செகண்டுக்கும் கம்மியான இடைவெளி. காரை விட்டு இறங்கவே தெம்பு இல்லாம இருந்தார்.

மேனுவல் ரசிகர்களுக்கு இதை விடப் பெரிய காவியம் கிடையாது. ஆனா ஒண்ணு கவனிங்க. அந்த வருஷம் சென்னாவுக்கு சாம்பியன்ஷிப் வாங்கிக் கொடுத்த அந்த மெக்லாரன்தான், ஃபார்முலா ஒன் சாம்பியன்ஷிப் ஜெயிச்ச கடைசி மேனுவல் கார். அந்தக் காவியம் மேனுவலோட வழியனுப்பு விழாவா ஆயிடுச்சு.

இன்னொரு திருப்பமும் இருக்கு. 2001ல கொஞ்ச காலம் ஃபார்முலா ஒன்ல முழு ஆட்டோமேட்டிக்கையும் அனுமதிச்சாங்க. எப்போ மாத்தணும்னு கம்ப்யூட்டரே முடிவு பண்ணும். 2004ல அதைத் தடை பண்ணிட்டாங்க. கிளட்ச் வேலை மெஷினுக்குப் போனது போனதுதான், முடிவு எடுக்கிறது மட்டும் திரும்ப மனுஷனோட விரலுக்கு வந்துச்சு. 2005ல நரேனும், 2010ல நம்ம சென்னைக்காரர் கருண் சந்தோக்கும் ஓட்டினது அந்த விதிப்படிதான்.

அந்த முடிவுல எனக்கு ஒரு பதில் கிடைச்சுது. உலகத்துலயே வேகமான ரேஸை நடத்துறவங்க டிரைவரோட திறமைன்னு எதைக் காப்பாத்தினாங்க? இடது காலை இல்ல, முடிவை.

கடையில திரும்பி வந்த மேனுவல்

ரேஸ்ல நடந்தது மெதுவா ரோட்டுக்கும் வந்துச்சு. 1997ல ஃபெராரி எஃப்355ல பேடில் வந்தது. 2003ல ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஆர்32 மூலமா டூயல் கிளட்ச் கடைக்கு வந்தது. ரெண்டு கிளட்ச், ஒண்ணுல ஒத்தைப்படை கியர், இன்னொண்ணுல ரெட்டைப்படை. நீங்க மூணுல ஓடும்போதே நாலு தயாரா நிக்கும். நம்ம பாஷையில சொன்னா ப்ரீஃபெட்ச். யூகம் சரின்னா கண் சிமிட்டுற நேரத்துல மாறிடும். யூகம் தப்பாகி நீங்க ரெண்டு கேட்டா கொஞ்சம் யோசிக்கும்.

2013ல போர்ஷே தன்னோட 911 ஜிடி3 காரை டூயல் கிளட்ச்ல மட்டும்தான் வித்துச்சு. லேப் டைம்னு பார்த்தா சரியான முடிவு. வாங்குறவங்க கொந்தளிச்சாங்க. 2016ல 911 ஆர்னு மேனுவல்ல மட்டும் 991 கார் செஞ்சாங்க, அத்தனையும் பறந்துச்சு. 2017ல ஜிடி3லயும் மேனுவல் திரும்ப வந்தது.

இதோட குட்டி வடிவம் நம்ம இருங்காட்டுக்கோட்டையில நடந்துச்சு. ரேஸ் டிராக் இருக்கிற அதே ஊர்லதான் ஹூண்டாய் ஃபேக்டரியும் இருக்கு. 2021ல ஐ20 என் லைன் வந்தப்போ சாதாரண மேனுவலே கிடையாது. ஒண்ணு டிசிடி, இன்னொண்ணு ஐஎம்டி. ஐஎம்டின்னா கியர் லீவர் உண்டு, கிளட்ச் பெடல் இல்ல. நீங்க லீவரைத் தொட்டுத் தள்ளப் போறதை சென்சார் கண்டுபிடிச்சு கிளட்சைத் தானே பிரிக்கும். 2023ல ஐஎம்டியை எடுத்துட்டு, மூணு பெடல் மேனுவலை வச்சாங்க.

அதாவது வேகத்துல தோத்த பிறகுதான் மேனுவல் ஆசைப்பட்டு வாங்குற பொருளா மாறுச்சு. வினைல் ரெக்கார்ட் மாதிரி. இதுல தப்பே இல்ல. எனக்கும் அந்த ஆசை உண்டு. ஈசிஆர்ல ஞாயித்துக்கிழமை காலையில, மூணுல இருந்து ரெண்டுக்கு சரியான ஆர்பிஎம்ல இறக்குறப்போ வர்ற சந்தோஷம் வேற எதுலயும் இல்ல. ஆனா அது சந்தோஷம், தகுதிச் சான்றிதழ் இல்ல. இத்தனை நாள் நான் ரெண்டையும் குழப்பிக்கிட்டு இருந்திருக்கேன்.

நாம எப்பவோ ஆட்டோமேட்டிக்

வேடிக்கை என்னன்னா, நம்ம ஊருக்கு ஆட்டோமேட்டிக் புதுசே இல்ல. 1980ல ஓசூர்ல இருந்து டிவிஎஸ் 50 வந்துச்சு. கியரும் இல்ல, கிளட்ச் லீவரும் இல்ல. 1984ல கைனெடிக் ஹோண்டா, கியர் இல்லாத ஸ்கூட்டர். இன்னிக்கும் பட்டினப்பாக்கம் லூப் ரோட்ல ரெண்டு பக்கமும் மீன் கூடையைக் கட்டிக்கிட்டு டிவிஎஸ் எக்ஸ்எல்ல வர்ற அண்ணன்கிட்ட போய், "நீங்க உண்மையான ரைடர் இல்ல"ன்னு சொல்லிப் பாருங்க. லைசென்ஸ்ல கூட டூவீலருக்குத்தான் கியர் உள்ளது, கியர் இல்லாததுன்னு தனித்தனிப் பிரிவு. காருக்கு அந்தப் பிரிவே கிடையாது.

கார்ல மட்டும் ஆட்டோமேட்டிக் ரொம்ப நாள் பணக்காரங்க விஷயமா இருந்துச்சு. 2014ல மாருதி செலரியோ ஏஎம்டி வந்து அதை உடைச்சுது. அதே மேனுவல் கியர்பாக்ஸ், மேல ஒரு சின்ன ரோபோ உக்காந்து கிளட்சையும் கியரையும் இயக்கும். விலை குறைவு. மாத்தும்போது தலை லேசா முன்னாடி ஆடும். ஆனா ட்ராஃபிக்ல கால் வலிக்காது.

ட்ராஃபிக்னு சொன்னதும் எங்க ஏரியாவுக்கு வருவோம். ஸ்கூல் விடுற நேரத்துல ஃப்ரெண்டோட மேனுவல் கார்ல, கலங்கரை விளக்கத்துல இருந்து சாந்தோம் ஹை ரோடு வழியா திரு.வி.க. பாலம் வரைக்கும் ஒரு நாள் எண்ணிட்டே வந்தேன். கிளட்ச் மிதிச்சது 63 தடவை. மூணாவது கியருக்குப் போனது ரெண்டே தடவை. ஹீல் அண்ட் டோ பண்ண வேண்டிய அவசியம் சைபர்.

நியாயமா இன்னொரு பக்கமும் சொல்லணும். என் லைன்ல வர்ற மாதிரி ட்ரை டைப் டூயல் கிளட்சுக்கு இப்படி ஊர்ந்து போறது பிடிக்காது. கிளட்ச் பாதி பிடிச்சு பாதி வழுக்கிட்டே இருந்தா சூடாகும். அதனால முன்னாடி வண்டி நகர்ற ஒவ்வொரு அடிக்கும் நாமும் நகரக் கூடாது. கொஞ்சம் இடம் விட்டு, சேர்த்து நகரணும். மேட்டுல பிரேக்கை விட்டுட்டு ஆக்சிலரேட்டர்லயே வண்டியைப் பிடிச்சு வைக்கக் கூடாது. வாங்கப் போறவங்க இதை மனசுல வச்சுக்கோங்க.

நேப்பியர் பாலம்

2024 ஆகஸ்ட் கடைசியில தீவுத்திடலைச் சுத்தி ராத்திரி ரேஸ் நடந்தது ஞாபகம் இருக்கும். நாம தினமும் திட்டிக்கிட்டே போற சிவானந்தா சாலையிலயும் நேப்பியர் பாலத்துலயும் ஃபார்முலா 4 கார்கள் பறந்துச்சு. அந்தப் பசங்க பல பேருக்கு வயசு இருபது கூட இருக்காது. அவங்க கார்ல கியர் லீவர் இல்ல, பேடில்தான். 2025 ஜனவரியில துபாய் 24 மணி நேர ரேஸ்ல அஜித் குமாரோட அணி தன் பிரிவுல மூணாவது வந்து ஊரே கொண்டாடுச்சே, அந்த போர்ஷே கப் கார்லயும் பேடில்தான். அவங்கள்ல யாரையும் பார்த்து "ஓட்டத் தெரியாதவங்க"ன்னு சொல்ல எனக்கு வாய் வரல.

போன ஞாயித்துக்கிழமை காலை 6 மணிக்கு டெஸ்ட் டிரைவுக்கு டிசிடி வண்டியை வீட்டுக்கே வரச் சொன்னேன். ஆட்டோமேட்டிக்னா ஓட்டலாம்னு டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அப்பாவை டிரைவர் சீட்ல உக்கார வச்சேன். "வேணாம்டா"ன்னார், ஆனா சீட்டை முன்னாடி இழுத்து கண்ணாடியைச் சரி பண்ணிட்டேதான் சொன்னார்.

கலங்கரை விளக்கம் தாண்டி காமராஜர் சாலையில முதல் சிக்னல். பழக்கதோஷத்துல அவரோட இடது கால் கிளட்சைத் தேடிப் போய் பிரேக்கை மிதிச்சுடுச்சு. வண்டி குலுங்கி நின்னுச்சு. நல்லவேளை பின்னாடி யாரும் இல்ல. மேனுவல்ல இருந்து மாறுற எல்லாருக்கும் வர்ற ஆபத்து இது. கிளட்ச் மிதிக்கிற பலத்தோட பிரேக்கை மிதிச்சா அவ்வளவுதான். இடது காலை நல்லா பின்னாடி இழுத்து, சீட்டுக்குக் கீழ மடக்கி வச்சுக்கணும். அப்பாவுக்கு மடக்கினா வலிக்கும்கிறதால, ஓரத்துல இருக்கிற ஃபுட்ரெஸ்ட்ல வச்சுக்கிட்டார்.

உழைப்பாளர் சிலைகிட்ட வந்தப்போ பேடிலைக் காட்டி "இது என்னடா?"ன்னு கேட்டார். இடது பக்கம் இழுத்தா கியர் இறங்கும்ப்பான்னேன். நேப்பியர் பாலத்துக்கு முன்னாடி வேகம் குறைச்சு, ஒரு தடவை இழுத்தார். எஞ்சின் சத்தம் ஏறுச்சு. கரெக்டான இடம், நானும் அங்கதான் இறக்கியிருப்பேன்.

"எங்க ஃபியட்லயும் கியர் ஸ்டியரிங்கிட்டதான் இருந்துச்சு"ன்னு மட்டும் சொன்னார்.

டிசிடி புக் பண்ணிட்டேன். உங்க வீட்டுல அந்த வண்டியை நீங்க மட்டும்தான் ஓட்டப் போறீங்க, ஈசிஆர் பக்கம் அடிக்கடி போவீங்கன்னா தாராளமா மேனுவல் வாங்குங்க, பொறாமையோட வாழ்த்துறேன். ஆனா கடைக்குப் போறதுக்கு முன்னாடி அந்த மூணு வேலையையும் ஒரு பேப்பர்ல எழுதுங்க. எதை நீங்க வச்சுக்கணும், எதைக் கொடுத்துடலாம், வேற யார் ஓட்டப் போறாங்கன்னு யோசிங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.